ஆந்தைக் கண்ணைக் கண்டறிந்த அம்மையார்

காலில் முள் தைத்துப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. தொண்டை புண்ணானால் கழுத்தில் கட்டுகிறது. வீட்டிலுள்ள பாட்டி தடவிப் பார்த்துவிட்டு, புண் ஆறினால் இதுவும் வற்றிவிடும் என்கிறார். பெரும்பாலும் அப்படியே ஆகிவிடுகிறது. நம் உடலில் காவல் புரியும் நிணநீர்க் கணுக்கள் கிருமிகளோடு போரிடும்போது வீங்குவது இயற்கையே.

ஆனால் சிலருக்குக் கணுக்கள் வலியின்றி வீங்கி, வாரக்கணக்கில் வற்றாமல் பெருத்துக்கொண்டே போகும். காய்ச்சல் விட்டுவிட்டு வரும், உடல் மெலியும். அப்போது மருத்துவர் ஒரு கணுவை அறுத்தெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்கிறார். அங்கே எதைத் தேட வேண்டும் என்பதைத் தெளிவாக எடுத்துக் காட்டியவர்களுள் ஒருவர் ஒரு பெண்மணி என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவரே டாக்டர் டாரதி ரீட் அம்மையார்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் நகரில் 1874ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் டாரதி பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஸ்மித் மகளிர் கல்லூரியில் 1895இல் பட்டம் பெற்றார். மருத்துவம் பயிலும் ஆசை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அக்காலத்தில் பெண்களுக்கு அக்கதவு எளிதில் திறக்கவில்லை. பால்டிமோர் நகரில் 1893இல் தொடங்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி ஆண்களோடு சமமாகப் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பணமின்றித் தவித்த அப்பள்ளிக்கு மேரி காரெட் என்னும் சீமாட்டியும் அவர் தோழியரும் நிதி திரட்டிக் கொடுத்தபோது விதித்த நிபந்தனை அது! அப்பள்ளியில் 1896இல் சேர்ந்த டாரதி 1900இல் மருத்துவரானார். புகழ்பெற்ற வில்லியம் ஆஸ்லரிடம் ஓராண்டு பயிற்சி பெற்றபின், வில்லியம் வெல்ச் என்னும் பேராசிரியரின் நோய்க்குறியியல் கூடத்தில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார்.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் எளியதன்று. லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் ஹாட்ஜ்கின் 1832இல் கணுக்கள் வீங்கி உயிர் குடிக்கும் ஒரு நோயை விவரித்திருந்தார். அது அவர் பெயராலேயே ஹாட்ஜ்கின் நோய் எனப்பட்டது. வியன்னாவில் கார்ல் ஸ்டெர்ன்பெர்க் 1898இல் அக்கணுக்களில் விசித்திரமான பெரிய செல்களைக் கண்டார். ஆனால் அந்நோயாளிகள் பலருக்குக் காசநோயும் இருந்ததால், இது காசநோயின் ஒரு வகையே என்று முடிவு கட்டினார். நம் நாட்டில் கண்டமாலை என்று சொல்லப்படும் கழுத்துக் கணுக் காசத்தையும் இதையும் வேறு பிரிப்பது எப்படி?

டாரதி பொறுமையோடு பார்த்தார். கணுவைத் தாளினும் மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்தால் உள்ளமைப்பு தெரியும். காசநோய்க் கணுவிலும் பெரிய செல்கள் உண்டு. ஆனால் அவற்றில் பல உட்கருக்கள் குதிரை லாடம் போல ஓரத்தில் வரிசையாக நிற்கும். நடுத்திசு பாலாடைக்கட்டி போல அழிந்திருக்கும். ஹாட்ஜ்கின் நோயிலோ பெரிய செல்லின் உள்ளே இரண்டு உட்கருக்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல் இருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பெரிய புள்ளி. இருட்டில் ஓர் ஆந்தை நம்மை உற்று நோக்குவது போலத் தோன்றும்! சுற்றிலும் பலவகை வெள்ளணுக்கள் திரண்டிருக்கும். டாரதி டியூபர்குலின் சோதனையும் செய்து பார்த்தார். காசநோயைக் காட்டும் எதிர்வினை வரவில்லை. காசநோய் வேறு, இது வேறு என்று 1902இல் வெளியான தம் கட்டுரையில் நிறுவினார். அந்தச் செல் இன்றும் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் என்றே வழங்குகிறது.

இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்த பரிசு என்ன? மேல்பதவிக்கு வழியுண்டா என்று அவர் கேட்டபோது, பெண்ணுக்கு ஆசிரியப் பதவி தரும் வழக்கமில்லை என்ற விடையே வந்தது. அவர் அழுது நிற்கவில்லை. நியூயார்க் சென்று குழந்தைகள் மருத்துவமனையில் பணியேற்றார்.

1906இல் இயற்பியலறிஞர் சார்லஸ் மெண்டன்ஹாலை மணந்து, விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில் குடியேறினார். அங்கே பெருந்துயர் காத்திருந்தது. முதல் பெண் குழந்தை 1907இல் பிறந்தவுடனே இறந்தது. அடுத்த மகன் 1910இல் கீழே விழுந்து மாண்டான். பின்னர் பிறந்த இரு புதல்வர்களே எஞ்சினர். சரியான பேறுகாலக் கவனிப்பு இல்லாமையின் கொடுமையைத் தம் உடலாலேயே அறிந்த அந்தத் தாய், பிறர் குழந்தைகளைக் காக்கப் புறப்பட்டார். 1915இல் மாடிசனில் குழந்தை நல நிலையம் தொடங்கினார். கிராமத் தாய்மாருக்குப் பாலின் சிறப்பையும், கருவுற்ற காலக் கவனிப்பையும் கற்பித்தார். நாட்டிலேயே குழந்தை இறப்பு மிகக் குறைந்த நகரம் என்ற பெயரை 1937இல் மாடிசன் பெற்றது.

அம்மையார் 1964ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் தம் 89ஆம் வயதில் மறைந்தார். அவர் எண்ணியதில் ஒன்று பிழையானது. இந்நோய் புற்றுநோய் அன்று, நாட்பட்ட அழற்சியே என்று அவர் கருதினார். அது நிணநீர்ப் புற்றுநோயே என்பது பின்னர் தெளிவாயிற்று. அந்தப் பெரிய செல் பி வகை வெள்ளணுவிலிருந்து பிறப்பது என்பதை 1994இல் ஜெர்மனியில் செய்த ஆராய்ச்சி காட்டியது. ஆயினும் அவர் வரைந்து காட்டிய அடையாளம் மாறவில்லை. அன்று உயிர் குடித்த அந்நோய், இன்று உரிய காலத்தில் கண்டால் பெரும்பாலோருக்குக் குணமாகிறது.

மாணவியரே! ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியைக் குனிந்து பார்க்கும்போது, ஏதும் தெரியவில்லை என்று சட்டென எழுந்துவிடாதீர்கள். இன்னும் ஒரு முறை பாருங்கள். முன்னோர் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக நிறுத்திவிடாமல் தம் கண்ணால் பார்த்தார் டாரதி. ஒரு கதவு அடைபட்டபோது வேறொரு கதவைத் தட்டினார். நாமும் அவ்வாறே பார்ப்போம், தட்டுவோம்.