ராகி இலட்சுமணய்யா

சூளகிரியில் பிறந்த எனக்கு ராகிக் களி புதிதன்று. கதிரறுத்துக் களத்தில் குவித்ததும், என் பாட்டி பெருங்கதிர்களாகப் பொறுக்கி விதைக்கென்று ஒதுக்குவார். ஓராண்டு அந்த விதையே எங்களைக் கைவிட்டது. குலை நோய் தாக்கிக் கதிர்க் கழுத்துகள் முறிந்தன, மணிகள் பதராயின. தம் கைப்பொறுக்கில் பிழை நேர்ந்ததென்று பாட்டி நெடுநாள் வருந்தினார். நிலத்தை விற்றுவிடலாம் என்று அப்பா பேசத் தொடங்கியதும் அப்போதுதான்.

அந்தப் பொறுக்கலையே வாழ்நாள் தொண்டாகக் கொண்ட ஒருவர் எல்லைக்கு அப்பால் மண்டியாவில் வாழ்ந்தார் என்பதைத் தாவரவியல் படிக்க வந்தபின் அறிந்தேன். அவர்தான் கன்னட மக்கள் ராகி இலட்சுமணய்யா என்று போற்றும் அறிஞர். 1921இல் பிறந்த அவர், மண்டியாவின் வி.சி. பண்ணையில் ராகி ஆய்வில் ஆழ்ந்தார்.

ராகிப் பூ மிகச் சிறியது. தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. கையால் ஆண் பகுதியை நீக்கிக் கலப்பது அரிதினும் அரிது. ஆகவே இரு வகைக் கதிர்களைச் சேர்த்துக் கட்டிவைக்கும் முறையைக் கையாண்டனர். விளையும் விதைகளுள் மிகச் சிலவே கலப்பு. தாய் பச்சையாகவும் தந்தை ஊதாவாகவும் இருந்தால், ஊதா நிறம் காட்டும் நாற்றே கலப்பு என்று கண்டுகொள்ளலாம். எத்துணைப் பொறுமை வேண்டும், எண்ணிப் பாருங்கள்!

அவர் தந்த அன்னபூர்ணா, காவேரி முதலிய வகைகள் வயல்களில் பரவின. பின்னர் இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்தார். நம் ராகி விரைவில் முதிர்வது; தூர் மிகுதி. ஆப்பிரிக்க ராகியோ தண்டு பருத்தது, கதிர் கனத்தது. இரண்டின் நலனும் கூடிப் பிறந்தவை இண்டாப் வகைகள். இந்தியா, ஆப்பிரிக்கா என்னும் இரு பெயர்களின் சேர்க்கையே அப்பெயர். 1993இல் அவர் மறைந்தார்.

விளைச்சல் என்பது ஒரு குணமன்று என்பதே அவர் பணியில் நான் கற்ற பாடம். தூர்களின் எண்ணிக்கை, கதிரின் விரல்கள், விரலின் நீளம், மணியின் எடை, நோய் தாங்கும் வலிமை எல்லாம் சேர்ந்ததே விளைச்சல். சோயாவில் காய்களின் எண்ணிக்கையும் விதையின் எடையும் போலத்தான் இதுவும். கதிர் பெருத்தால் தூர் குறைவதும் உண்டு. களத்தில் கிடக்கும் கதிரைப் பார்த்தால் அதைத் தாங்கிய செடி தெரியாது. பாட்டியின் கை பிழைக்கவில்லை. பொறுக்கிய இடம்தான் பிழைத்தது.

இவ்வாண்டு அறுவடைக்கு முன்பே பாட்டியுடன் வயலில் இறங்கினேன். தூர் நிறைந்து, கழுத்து நோயின்றி நின்ற செடிகளுக்கு நூல் கட்டினோம். விற்பனைப் பேச்சை அடுத்த அறுவடை வரை அப்பா தள்ளிவைத்திருக்கிறார்.