கடலுக்குள் கண்ணி வைத்த கப்பல் தலைவர்

1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு, எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு வீசியது. அது ஊரறிந்த கதை. அதே போரில் சத்தமில்லாமல் வந்துபோன இன்னொரு ஜெர்மன் கப்பலும் உண்டு. அதன் பெயர் உல்ப். ஓநாய் என்று பொருள். அதன் தலைவர் கார்ல் நெர்கர்.

நெர்கர் 1875-ல் பிறந்தவர். 1916 நவம்பரில், சரக்குக் கப்பல் வேடத்தில் புறப்பட்டார். உள்ளே 450-க்கு மேற்பட்ட கண்ணிவெடிகள்! 1917 பிப்ரவரியில் கொழும்புக்கும் பம்பாய்க்கும் எதிரே அவற்றில் சிலவற்றைப் போட்டார்.

கடலடியில் கிடக்கும் பெரிய எடை, கண்ணியைக் கம்பியால் இழுத்துப் பிடித்திருக்கும். ஆழம் மிகுந்தால் கம்பி எட்டாது. ஆகவே ஆழம் குறைந்த கரையோரமே ஆபத்தான இடம். கொழும்பு அருகே வொர்ஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற இரு கப்பல்கள் கண்ணியில் சிக்கி மூழ்கின.

451 நாட்கள் கழித்து நெர்கர் ஊர் திரும்பினார். ஜெர்மனி அவரை வீரராகக் கொண்டாடியது. அதே மனிதர் 1947-ல் ரஷ்யரின் கைதிகள் முகாமில் இறந்தார்.

இன்று கண்ணி அகற்றும் கடற்படையினரும் முதலில் கடலடியைத்தான் ஆராய்கிறார்கள். மணலா, சேறா, பாறையா? சேற்றில் வெடி புதைந்துவிடும். பாறைகளுக்கிடையே கல்லும் வெடியும் ஒன்றுபோலத் தோன்றும். கடலடியை அறிந்தவர் கண்ணி வைத்தார். அதை அறிந்தவரே அகற்றவும் முடியும்.