வண்ணமில்லாத் திரை தந்த வடிவம்

கடந்த 2025 டிசம்பரில் வெளிவந்த 'மெட்ராய்டு பிரைம் 4' என்ற வீடியோ கேமைப் பல இரவுகள் விளையாடி முடித்தேன். 2017-இல் அறிவிக்கப்பட்டு, 2019 தொடக்கத்தில் அதுவரை நடந்த வேலை கைவிடப்பட்டு, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள ரெட்ரோ ஸ்டுடியோஸிடம் முதலிலிருந்து ஒப்படைக்கப்பட்ட விளையாட்டு அது. காட்சிகள் கண்ணைப் பறிக்கின்றன. கடந்து செல்லப் பெரும் பாலைவனம் இருக்கிறது. அதில் ஓட்டிச் செல்ல மோட்டார் சைக்கிள் இருக்கிறது. பேச்சுத்துணைக்கு வீரர்கள் இருக்கிறார்கள். ஆயினும், முடித்து எழுந்தபோது என் நினைவில் நின்றவர், இந்தத் தொடரின் முதல் ஆட்டத்தைத் தயாரித்தவரும் 1997-இல் மறைந்தவருமான குன்பே யோகோய்தான். பழைய விளையாட்டுத் தொடர்களைப் பெரும் பொருட்செலவில் உயிர்ப்பிப்பது வழக்கமாகிவிட்ட இந்நாளில், அவரது வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கக் காரணம் இருக்கிறது.

யோகோய் 1941 செப்டம்பர் 10-ஆம் நாள் ஜப்பானின் கியோட்டோ நகரில் பிறந்தார். அதே நகரிலுள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று, 1965-இல் நிண்டெண்டோவில் பணியில் சேர்ந்தார். 1889-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் அப்போது 'ஹனாஃபுடா' எனப்படும் மலர்ச் சீட்டுகளைத் தயாரித்து வந்தது. சீட்டு செய்யும் இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பராமரிப்பதே யோகோய்க்குத் தரப்பட்ட வேலை. வேலை குறைந்த நேரங்களில், மடிந்து விரியும் சட்டங்களால் ஆன நீளும் கை ஒன்றைத் தம் பொழுதுபோக்குக்காகச் செய்து வைத்திருந்தார். நிறுவனத் தலைவர் ஹிரோஷி யாமவுச்சியின் கண்ணில் அது பட்டது. கண்டிப்பு வரும் என்று எதிர்பார்த்த இளைஞருக்கு, அதையே விற்பனைக்குரிய பொம்மையாக்கும் பணி கிடைத்தது. 1966-இல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் வந்த அந்தப் பொம்மை 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. பராமரிப்பு ஊழியர் பொம்மை வடிவமைப்பாளரானார்.

1969-இல் அவர் செய்த 'லவ் டெஸ்டர்' இன்னும் எளிமையானது. இருவர் கைகோத்துக்கொண்டு கருவியின் இரு முனைகளையும் பற்றினால், உடல்வழிச் செல்லும் சிறு மின்னோட்டத்தை முள் காட்டும். அதைக் காதலின் அளவென்று எடுத்துக்கொள்ளலாம். உள்ளே இருந்தது பள்ளி ஆய்வகத்தில் காணக்கூடிய மின்சுற்றுதான். ஆனால், ஓர் ஆணும் பெண்ணும் கைகோத்துக்கொள்ள அது ஒரு சாக்கு அளித்தது. வாங்கியவர்கள் விலை கொடுத்தது அந்தச் சாக்குக்கே.

இதிலிருந்து வளர்ந்ததுதான் பிற்காலத்தில் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கொள்கை. புத்தம் புதிய தொழில்நுட்பம் விலை மிகுந்தது. அதன் குறைகள் முழுமையாகத் தெரியாதவை. பல்லாண்டு புழங்கி, பொலிவிழந்து வாடிய தொழில்நுட்பமோ மலிவானது. அதன் இயல்பு பொறியாளருக்கு அத்துப்படி. அதை எவரும் எண்ணாத இடத்தில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதே யோகோயின் வழி.

அந்த வழியின் முதல் பெரும் வெற்றி 1980-இல் வந்தது. புல்லட் ரயிலில் ஓர் அலுவலர் பொழுது போகாமல் தம் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டபோது, கைக்குள் அடங்கும் விளையாட்டுக் கருவி பற்றிய எண்ணம் தமக்குத் தோன்றியதாக யோகோய் பின்னர் கூறினார். கால்குலேட்டர் நிறுவனங்களுக்கிடையே நடந்த விலைப் போட்டியால் திரவப் படிகத் திரைகள் மலிந்திருந்த காலம் அது. அத்திரையில் ஒரேயொரு விளையாட்டு, மூலையில் ஒரு கடிகாரம்: இதுவே 'கேம் அண்ட் வாட்ச்'. அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் 4 கோடிக்கு மேல் விற்றது. அவ்வரிசையில் 1982-இல் வந்த 'டாங்கி காங்' கருவிக்காக அவர் உருவாக்கிய சிலுவை வடிவப் பொத்தான், இன்றைய விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இடம்பெற்றிருக்கிறது. 1981-இல் ஷிகேரு மியாமோட்டோ என்ற இளம் வடிவமைப்பாளர் தம் முதல் பெரும் விளையாட்டை உருவாக்கியபோது, அதை மேற்பார்வையிட்டவரும் யோகோய்தான்.

1986-இல் அவரது பிரிவிலிருந்து 'மெட்ராய்டு' வெளிவந்தது. அந்நியக் கோள் ஒன்றின் பாதாளச் சுரங்கங்களில் கவசமணிந்த ஒருவர் தனியே அலைகிறார். வழிகாட்டி இல்லை, வரைபடம் இல்லை, பேச ஆளும் இல்லை. விரைந்து முடிப்பவர்களுக்குக் கவசம் களையப்படும்போதுதான், அதனுள் இருந்தவர் சாமஸ் ஆரன் என்ற பெண் என்பது புலப்படும். குறுகிய வழிகளில் சாமஸ் பந்தாகச் சுருண்டு உருள்வது இத்தொடரின் அடையாளங்களுள் ஒன்று. கைகால் ஊன்றித் தவழும் அசைவை அன்றைய கருவியில் வரைவது கடினமாக இருந்ததால் கண்டுபிடிக்கப்பட்ட மாற்று வழி அது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் சாமஸ் உருண்டுகொண்டுதான் இருக்கிறார்.

1989-இல் 'கேம் பாய்' வந்தது. சதோரு ஒகாடா முதலிய பொறியாளர்களின் பங்கு அதில் பெரிது என்றாலும், அதன் அடிப்படை யோகோயின் சிக்கனமே. நான்கு சாயல்கள் மட்டுமே கொண்ட மங்கலான திரை அதற்கு. போட்டியாளர்களான அடாரியும் சேகாவும் ஒளிரும் வண்ணத் திரைகளோடு களமிறங்கின. ஆனால், சேகாவின் 'கேம் கியர்' ஆறு பேட்டரிகளை 3 முதல் 5 மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேம் பாயோ நான்கு பேட்டரிகளில் அதைப்போலப் பல மடங்கு நேரம் ஓடியது; விலையும் குறைவு; கீழே விழுந்தாலும் தாங்கியது. அதன் பின்னர் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்து விற்றவை 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். பெருந்திரளான மக்களை யோகோய் எட்டியது அவர்களின் சட்டைப்பைக்கு ஏற்ற விலையாலும், பயணத்தின் நடுவே அணைந்துவிடாத திரையாலும்தான்.

அந்த வண்ணமில்லாத் திரைதான் சாமஸுக்கு இன்றைய உருவத்தையும் தந்தது. முதல் ஆட்டத்தில், வலுவூட்டப்பட்ட கவசத்தை அதன் நிற மாற்றமே காட்டிக்கொடுத்தது. 1991-இல் கேம் பாய்க்காக 'மெட்ராய்டு 2' உருவானபோது நிறத்தால் வேறுபடுத்த வழியில்லை. எனவே தோள்கள் பெரிய கோளங்களாக வரையப்பட்டன. பிறகு வண்ணம் வந்தது, முப்பரிமாணம் வந்தது. அந்தக் கோளத் தோள்கள் மட்டும் மாறவே இல்லை.

யோகோயின் வாழ்க்கையை வெற்றிகளின் வரிசையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. 1995-இல் வெளிவந்த 'வர்ச்சுவல் பாய்' கருவியிலும் அவர் மலிவான பொருளையே நாடினார். சிவப்பு ஒளியுமிழ் டையோடுகள் மட்டும் கொண்ட அந்த முப்பரிமாணக் கருவியை மேசை மேல் வைத்து, முகம் புதைத்துப் பார்க்க வேண்டும். கண் வலித்தது, கழுத்தும் வலித்தது. எட்டு லட்சம்கூட விற்காமல் அடுத்த ஆண்டே அது சந்தையிலிருந்து மறைந்தது. சிக்கனம் தன்னளவில் நற்பண்பாகிவிடாது, பயன்படுத்துபவரின் உடலையும் மனத்தையும் அறிந்திருந்தால்தான் அது பலன் தரும் என்பதற்கு அவரது இந்தத் தோல்வியே சான்று.

1996 ஆகஸ்டில் அவர் நிண்டெண்டோவை விட்டு விலகினார். தோல்வியே காரணம் எனப் பலர் பேசினாலும், சொந்தமாகத் தொழில் தொடங்கும் எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. 'கோட்டோ' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, பண்டாய் நிறுவனத்துக்காகப் புதிய கையடக்கக் கருவி ஒன்றில் ஈடுபட்டார். 1997 அக்டோபர் 4-ஆம் நாள், இஷிகாவா மாவட்டத்தின் விரைவுச் சாலையில் நேர்ந்த சிறு மோதலுக்குப் பின் காரிலிருந்து இறங்கியவர் மீது மற்றொரு கார் மோதியது. 56 வயதில் அவர் மறைந்தார். அவர் காணாமற்போன அந்தக் கருவி 'வொண்டர்ஸ்வான்' என்ற பெயரில் 1999-இல் வந்தது. ஒரே ஒரு பேட்டரியில் அது இயங்கியது.

அவருக்குப் பிந்தைய மெட்ராய்டின் கதை, இன்றைய மறுவாழ்வு முயற்சிகளுக்கு ஒரு பாடம். 1994-க்குப் பின் எட்டு ஆண்டுகள் தொடர் உறங்கியது. 2002-இல் 'மெட்ராய்டு பிரைம்' அதை முப்பரிமாணத்தில், நாயகியின் கண்வழியே காணும் ஆட்டமாக மாற்றியது. தோற்றம் முற்றிலும் மாறியபோதும் தனிமையையும் தேடலையும் அது விட்டுவிடவில்லை, ரசிகர்கள் ஏற்றுக்கொண்டனர். 2021-இல் வந்த 'மெட்ராய்டு டிரெட்' மீண்டும் பழைய பக்கவாட்டுப் பார்வைக்கே திரும்பியது. சுமார் 30 லட்சம் விற்று, தொடரிலேயே அதிகம் விற்றது என்ற பெயரைப் பெற்றது.

அந்த 30 லட்சத்தை இன்றைய பெருஞ்செலவுகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 2023-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் தாக்கலான ஆவணங்கள்வழி, சோனியின் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர் செலவானது வெளியே தெரிந்தது. ஒரு விளையாட்டை 70 டாலருக்கு விற்று, கடையின் பங்காக 30 விழுக்காடு போனால், கைக்கு வருவது 49 டாலர். 20 கோடி டாலர் செலவைத் திரும்ப எடுக்க மட்டுமே 40 லட்சத்துக்கும் மேல் விற்றாக வேண்டும். மெட்ராய்டு தன் வரலாற்றில் எட்டிய உச்சமே அதற்குப் போதாது. 2013-இல் மறுதொடக்கம் கண்ட 'டூம் ரைடர்' நான்கு வாரங்களில் 34 லட்சம் விற்றும், எதிர்பார்ப்பை எட்டவில்லை என்று அதன் வெளியீட்டு நிறுவனம் அறிவித்தது.

செலவு கூடினால் கூட்டம் கூட வேண்டும். கூட்டம் கூட, வழி தவறுபவருக்கு வழிகாட்டி வேண்டும்; தனிமைக்கு அஞ்சுபவருக்குத் துணை வேண்டும்; அலுப்பவருக்கு வாகனம் வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமான கோரிக்கைதான். ஆனால் எல்லாவற்றையும் நிறைவேற்றிய பின், முதல் ஆட்டத்தை மறக்க முடியாததாக்கிய அந்தத் தனிமைக்கு இடம் எஞ்சுவதில்லை. பழைய பெயரை நம்பி வந்த ரசிகருக்குப் பெயர் மட்டும் கிடைக்கிறது. புதிதாக வந்தவருக்கோ வேறு பத்து விளையாட்டுகளில் கண்டதே மீண்டும் கிடைக்கிறது.

பழமையை அப்படியே பேண வேண்டும் என்பதன்று என் வாதம். 2002-ஆம் ஆண்டின் துணிச்சலான மாற்றம் வென்றதை மறுக்க முடியாது. ஒரு தொடரை விரும்புவோர் எத்தனை பேர் என்பதை முதலில் எண்ணி, அவர்களால் தாங்கக்கூடிய செலவில் அதைச் செய்ய வேண்டும் என்பதே நான் சொல்ல விழைவது. அளவான செலவில், சில லட்சம் பேர் மனம் நிறைந்தாலே தொடர் பிழைக்கும். அடுத்த ஆட்டத்தில் துணிந்து புதியதைச் செய்யவும் முடியும். சீட்டு இயந்திரங்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர் வாழ்நாளெல்லாம் போட்ட கணக்கு இதுதான்.

புதிய ஆட்டத்தில் சாமஸ் அந்தப் பாலைவனத்தைக் கடக்கும்போது, வெயில் பட்டு அவரது தோள்கள் மின்னுகின்றன. கோடிக்கணக்கான வண்ணங்களைக் காட்டவல்ல திரையில், வண்ணமே இல்லாத ஒரு திரைக்காக வரையப்பட்ட அந்தக் கோளங்களைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.