குருதிப் பிரிவுகளைக் கண்டவர்

சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, ரத்த வங்கியின் வாயிலில் பொறுமையிழந்து நின்றேன். கொடையாளரின் குருதியும் அவருடைய குருதியும் ஒரே பிரிவு; பிறகு எதற்கு இன்னொரு பரிசோதனை என்பது என் கேள்வி. பொருளாதாரம் கற்பித்தே காலம் கழித்த நான், கார்ல் லாண்ட்ஸ்டைனரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தது அதன் பின்னர்தான்.

1868 ஜூன் 14-இல் ஆஸ்திரியாவில் பிறந்தவர் அவர். பத்திரிகையாளரான தந்தையை ஆறு வயதில் இழந்து, தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். 1891-இல் வியன்னாவில் மருத்துவப் பட்டம் பெற்றபின் வேதியியலை நாடி, எமில் ஃபிஷர் போன்ற மேதைகளிடம் பயின்றார்.

அந்நாளில் ஒருவரின் குருதியை மற்றவருக்குச் செலுத்துவது சூதாட்டத்துக்கு ஒப்பானது. சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர், காரணம் விளங்கவில்லை. லாண்ட்ஸ்டைனர் தம் குருதியையும் உடன் பணியாற்றியோரின் குருதியையும் எடுத்து, ஒருவரின் சிவப்பணுக்களை மற்றவரின் சீரத்துடன் கலந்து பார்த்தார். சில கலவைகளில் அணுக்கள் ஒட்டித் திரண்டன, சிலவற்றில் திரளவில்லை. அந்த வேறுபாட்டைக் கொண்டே 1901-இல் மூன்று பிரிவுகளை வகுத்தார். நான்காவதான ஏபி பிரிவை அடுத்த ஆண்டு அவருடைய சகாக்கள் கண்டறிந்தனர்.

ஏ பிரிவினரின் சீரத்தில் பி அணுக்களுக்கு எதிரான பொருள் உண்டு. பி பிரிவினரிடம் ஏ-க்கு எதிரானது உண்டு. ஓ பிரிவினரிடம் இரண்டும் உண்டு. ஏபி பிரிவினரிடம் இரண்டும் இல்லை. இவ்வளவு எளிய விதிக்கான அங்கீகாரம் தாமதமாகவே வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் வறுமையுற்ற வியன்னாவை விட்டு 1919-இல் நெதர்லாந்துக்கும், பின்னர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்துக்கும் சென்றார். நோபல் பரிசு கிட்டியது 1930-இல்.

அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. அலெக்சாண்டர் வீனருடன் இணைந்து 1940-இல் ஆர்ஹெச் காரணியை அறிவித்தார். 1943 ஜூனில் ஆய்வகத்திலேயே மாரடைப்புக்கு ஆளாகி, இரு நாள்களில் மறைந்தார்.

என் கேள்விக்கான விடையும் அவர் காட்டிய வழியிலேயே இருந்தது. முன்பு ஏற்றிய குருதியாலோ, மகப்பேற்றாலோ ஒருவர் உடலில் வேறு எதிர்ப்பொருள்கள் தோன்றியிருக்கலாம். பிரிவு ஒன்றாயிருப்பினும் அவை கொடையாளரின் அணுக்களை அழிக்கக்கூடும். அதனால்தான் கொடையாளரின் அணுக்களை நோயாளியின் சீரத்துடன் கலந்து பார்க்கிறார்கள். என் மனைவி இரு மக்களைப் பெற்றவர்.

காத்திருப்பை இழப்பாகக் கணக்கிடுவது எங்கள் துறையின் வழக்கம். ரத்த வங்கியில் காத்திருக்கும் நேரத்தை அந்தக் கணக்கில் சேர்க்கலாகாது. லாண்ட்ஸ்டைனர் பிறந்த நாளே உலகக் குருதிக் கொடையாளர் நாள். அன்று குருதி கொடுப்போரைப் போற்றுவோம். அதைப் பரிசோதிப்போரின் பணிக்கும் மதிப்பளிப்போம்.