இரண்டு சபாபதிகளைத் தந்த நீதிபதி

பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) இளமையில் தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்தவர். நடிகனைக் கூத்தாடி என்று ஏளனம் செய்த காலம் அது. அவர் மனத்தை மாற்றியது தெலுங்கு நாடகம். 1891-ல் பல்லாரி வக்கீல் தர்மவரம் கிருஷ்ணமாசார்லு தம் குழுவினருடன் சென்னைக்கு வந்து நாடகங்கள் நடத்தினார். படித்த பெரிய மனிதர்களே வேஷம் கட்டியதைக் கண்டு வியந்த சம்பந்தம், அதே ஆண்டில் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது வயது 18.

பின்னாளில் வக்கீலானார், 1924 முதல் 1928 வரை சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாகவும் இருந்தார். ஆனாலும் அரிதாரம் பூசுவதைக் கௌரவக் குறைவாக அவர் கருதியதில்லை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார்.

அவற்றில் நம்மை இன்றும் சிரிக்க வைப்பது 'சபாபதி'. அசட்டு ஜமீன்தார் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி! 1915-ல் உட்ஹவுஸின் ஆங்கிலக் கதைகளில் அறிமுகமான ஜீவ்ஸ், அசட்டு எஜமானரைச் சங்கடங்களிலிருந்து காப்பாற்றும் புத்திசாலி. நம் வேலைக்காரச் சபாபதியோ அசட்டுத்தனத்தில் எஜமானுக்குச் சற்றும் சளைக்காதவன். ரசிகர்கள் விரும்பியதால் இந்த ஜோடியை வைத்து மேலும் சில சிறு நாடகங்கள் எழுதினார். 1941-ல் ஏ.வி. மெய்யப்பன் இதைப் படமாக்கினார். டி.ஆர். ராமச்சந்திரன் ஜமீன்தார், காளி என். ரத்தினம் வேலைக்காரன்.

1959-ல் பாரத அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்தது. கூத்தாடி என்ற ஏளனத்துக்கு அதைவிட நல்ல பதில் வேண்டுமா?

தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் நம் சித்தூர், திருப்பதி அன்பர்கள் இதில் தனியாகவே பெருமைப்படலாம். தமிழ் மேடையின் இந்தச் சிரிப்புக்கு விதை போட்டது ஒரு தெலுங்கு நாடகம் அல்லவா!