பனிப்பாளத்தின் நடுவே வேகனர்

ஆல்ஃபிரட் வேகனர் என்றதும் நமக்கு இடைநிலைப்பள்ளிப் புவியியல் பாடம் நினைவுக்கு வரும். ஒன்றாயிருந்த கண்டங்கள் பிரிந்து நகர்ந்தன என்று 1912-இல் அறிவித்து, நிலவியலாளர் பலரின் ஏளனத்துக்கு ஆளானவர். அவர் உயிர்விட்டதோ கிரீன்லாந்தின் பனிப்பாளத்தை அளக்கும் பணியில்.

1880 நவம்பர் 1-ஆம் நாள் பெர்லினில் பிறந்த வேகனர், 1905-இல் வானியலில் முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் கையில் கிடைத்ததும் வானிலை ஆய்வுக்கு மாறிவிட்டார். படித்த துறையை விட்டால் வாழ்வே போயிற்று என்று கலங்கும் நம் மாணவர்கள் இதைக் கவனிக்கலாம். அடுத்த ஆண்டே டேனிஷ் குழுவுடன் கிரீன்லாந்து சென்றார். 1912-13-இல் கோக் என்பவருடன் மீண்டும் சென்று, பனிப்பாளத்தின் மேலேயே குளிர்காலத்தைக் கழித்து, ஐஸ்லாந்துக் குதிரைகளுடன் அதைக் கடந்தார்.

1930-இல் தாமே தலைமையேற்றுச் சென்றார். பனி எவ்வளவு தடிமன்? ஆண்டுக்கு எவ்வளவு பொழிகிறது? நடுவில் எவ்வளவு குளிர்? இவற்றுக்கு விடை காண, மேற்குக் கரையிலிருந்து 400 கிலோமீட்டர் உள்ளே, 3,000 மீட்டர் உயரத்தில் 'ஐஸ்மிட்டே' என்ற நிலையம் அமைக்கப்பட்டது. ஆனால், பொருள்கள் போய்ச் சேரவில்லை. நம்பியிருந்த இயந்திரச் சறுக்குவண்டிகளும் கைவிட்டன. அங்கிருந்த கெயோர்கியும் சோர்கெயும், அக்டோபர் 20-க்குள் எரிபொருள் வராவிட்டால் புறப்பட்டுவிடுவோம் என்று கடிதம் அனுப்பினர்.

செப்டம்பர் 21-ஆம் நாள் வேகனர் 15 நாய்வண்டிகளுடன் கிளம்பினார். உடன் லோவெ என்ற ஆய்வாளரும் 13 கிரீன்லாந்தியரும் சென்றனர். கடுங்குளிரில் ஒவ்வொருவராகத் திரும்பினர். ராஸ்முஸ் வில்லும்சன் என்ற இளைஞர் ஒருவரே நின்றார். சுமைகளும் வழியிலேயே இறக்கப்பட்டன. அக்டோபர் 30-ஆம் நாள் மூவரும் ஏறக்குறைய வெறுங்கையோடு போய்ச் சேர்ந்தபோது, அங்கிருந்த இருவரும் பனிக்குள் குகை தோண்டி, குளிர்காலத்தைக் கழிக்க முடிவுசெய்திருந்தனர். அந்தப் பயணமே தேவைப்பட்டிருக்கவில்லை! தொலைத்தொடர்புக் கருவி ஒன்று இருந்திருந்தால் என்று மனம் அடித்துக்கொள்கிறது. ஆனால், தம்மை நம்பிப் போனவர்களைத் தலைவர் ஒருவர் கைவிட்டிருக்க முடியுமா?

ஐவருக்கு அங்கே உணவு போதாது. தமது ஐம்பதாவது பிறந்தநாளன்று வேகனர் வில்லும்சனுடன் திரும்பிப் புறப்பட்டார். இருவரும் கரை சேரவில்லை.

விரல்கள் உறைந்துபோன லோவெ நிலையத்திலேயே தங்கினார். அவருடைய கால்விரல்களைப் பேனாக்கத்தியால் வெட்டியெடுத்தனர். அந்த நிலையிலும் ஆய்வு நிற்கவில்லை. சோர்கெ 15 மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, பனி அடுக்கடுக்காக இறுகுவதை அளந்தார். அதிலிருந்து பிறந்த விதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. வெடிவைத்து, அடிப்பாறையிலிருந்து திரும்பும் அதிர்வைக் கணக்கிட்டு, பனியின் தடிமன் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேல் என்று கண்டனர்.

பனிப்பாளம் தன் எடையாலேயே நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறது. அழுத்தம் இரட்டித்தால், பனி உருமாறும் வேகம் ஏறக்குறைய எட்டு மடங்காகும் என்று 1950-களில் கிளென் என்ற ஆங்கிலேயர் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தார். குளிர் கூடினால் பனி விறைத்து, மெதுவாக வழியும். ஆகவே, இந்த ஓட்டத்தைக் கணினியில் மாதிரியாக்கும் முனைவர்பட்ட மேலாய்வாளர் எவரும் முதலில் கேட்பவை தடிமன், பனிப்பொழிவு, வெப்பநிலை ஆகியவையே. வேகனர் தேடிப்போனவையும் அவைதாம். ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் நகரில் 1980-இல் தொடங்கப்பட்ட துருவ ஆய்வு நிலையம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

1931 மே மாதம், கரையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் தொலைவில், நட்டிருந்த பனிச்சறுக்குக் கட்டைகளின் அடியில் வேகனரின் உடல் கிடைத்தது. வில்லும்சன் அவரை முறையாக அடக்கம் செய்திருந்தார். தோழர்கள் உடலை அங்கேயே மீண்டும் புதைத்தனர். அதன்மேல் ஆண்டுதோறும் பனி மூடிவருகிறது. பனியோடு சேர்ந்து அவ்வுடலும் மேற்கு நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. வேகனரின் நாட்குறிப்பை எடுத்துச்சென்ற வில்லும்சனின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.