இராமாநுசர் நடந்த வழிகள்

காவிரியாறு திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்றும், வடகிளை கொள்ளிடம் என்றும் வழங்கும். இவ்விரண்டிற்கும் இடையே அமைந்த தீவே திருவரங்கம். வைணவப் பெரியாருள் தலைசிறந்தவரான இராமாநுசர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஊர் இதுவே. அவர் இயற்றிய நூல்களைக் கற்றோர் பலர். அவர் நடந்து சென்ற வழிகளை எண்ணிப் பார்த்தோர் சிலரே. காடும் மலையும் பள்ளத்தாக்குமாகக் கிடந்த அவ்வழிகளில் அவர் பட்ட இன்னல்களையும், அங்கே அவருக்குக் கிடைத்த அன்பையும் குருபரம்பரை நூல்கள் விரித்துரைக்கின்றன.

இராமாநுசர் 1017ஆம் ஆண்டில் திருப்பெரும்பூதூரில் பிறந்தார். தந்தையார் கேசவ சோமயாசியார். தாயார் காந்திமதி அம்மையார். இளமையில் காஞ்சிக்கு அருகே யாதவப்பிரகாசர் என்பவரிடம் வேதாந்தம் பயின்றார். மாணவரின் அறிவு ஆசிரியரின் அழுக்காற்றை வளர்த்தது. காசியாத்திரை என்னும் பெயரால் அவரை வடக்கே அழைத்துச் சென்று, வழியிலே கொன்றுவிடச் சூழ்ச்சி செய்தார் ஆசிரியர். உடன் சென்ற கோவிந்தர், இராமாநுசரின் சிற்றன்னை மகன். அவர் விந்தியமலைக் காட்டில் இதனை அறிந்து இராமாநுசருக்குக் குறிப்பாய் உணர்த்தினார். அவ்விரவே இராமாநுசர் கூட்டத்தைவிட்டு விலகினார். திக்குத் தெரியாத காட்டில் ஒரு வேடனும் அவன் மனைவியும் எதிர்ப்பட்டு அவருக்கு வழித்துணையாயினர். இரவில் அவ்வேட்டுவப் பெண் நீர்வேட்கையுற்றாள். பொழுது புலர்ந்ததும் நீர் கொணரச் சென்றவர் ஒரு கிணற்றைக் கண்டார். நீருடன் மீண்டபோது வேடர் இருவரையும் காணவில்லை. அயலாரை வினவியபோது, தாம் நிற்பது காஞ்சியின் எல்லை என்பது தெரிந்தது. வந்தவர் காஞ்சிப் பெருமானும் பிராட்டியுமே என்பது வைணவர் நம்பிக்கை. அக்கிணற்று நீரை நாள்தோறும் சுமந்து சென்று கோயிலுக்கு அளிப்பதை இராமாநுசர் தம் கடமையாக்கிக் கொண்டார்.

பின்னர் அவர் துறவு பூண்டு திருவரங்கம் வந்து சேர்ந்தார். கோயில் நிருவாகம் அவர் கைக்கு வந்தது. ஆயினும் கற்கவேண்டியவை இன்னும் எஞ்சியிருந்தன. திருமந்திரத்தின் உட்பொருளை அறியத் திருக்கோட்டியூர் நம்பியை நாடினார். திருவரங்கத்திற்கும் திருக்கோட்டியூருக்கும் இடைப்பட்ட தொலைவு இன்றைய கணக்கில் நூறு கிலோமீட்டர் அளவாகும். காவிரியின் பசுமையைக் கடந்துவிட்டால், புதுக்கோட்டைச் சீமையின் செம்மண் நிலமும் மொட்டைப் பாறைகளுமே எதிர்ப்படும். பாறைகளின்மேல் ஆங்காங்கே மழைநீர் தேங்கிய சுனைகளும், ஊர்தோறும் வெட்டிய ஏரிகளுமே வழிநடப்போரின் தாகம் தீர்ப்பவை. இவ்வழியில் அவர் பதினெட்டுமுறை நடந்தார். பதினேழுமுறை நம்பி அவரைத் திருப்பியனுப்பினார். பிறர்க்குச் சொல்லலாகாது என்ற ஆணையுடன் பதினெட்டாம் முறை பெற்ற பொருளை, அவர் கோயிலின் மேலேறி நின்று ஊரறிய வெளியிட்டார். இவ்வரலாறு யாவரும் அறிந்ததே. திருமலையின் அடிவாரத்தில் தம் மாமன் திருமலை நம்பியிடம் ஓராண்டு இராமாயணப் பொருள் கேட்டதும், மலையை மிதிக்க அஞ்சி முழங்காலால் ஏறினார் எனச் சொல்லப்படுவதும் அத்தகையவை.

இங்கே மற்றொருவரையும் அறிமுகப்படுத்த வேண்டும். அவர் கூரத்தாழ்வான். காஞ்சியை அடுத்த கூரம் என்னும் ஊரில் பெருஞ்செல்வராய் வாழ்ந்தவர்; செல்வமனைத்தையும் வழங்கிவிட்டு, மனைவி ஆண்டாளுடன் கால்நடையாகவே திருவரங்கம் புறப்பட்டார். வழியில் இருள் செறிந்த காடு குறுக்கிட்டது. ஆண்டாள் அஞ்சினார். அச்சத்திற்குக் காரணம் வினவ, கணவர் உண்பதற்கென ஒரு பொன்வட்டிலை மறைத்து எடுத்து வந்த செய்தி வெளிப்பட்டது. ஆழ்வான் அதனை வாங்கிக் காட்டில் எறிந்துவிட்டு மேலே நடந்தார். பிறகு இராமாநுசர் போதாயனர் உரையைத் தேடிக் காச்மீரம் வரை சென்றபோதும் உடன் நடந்தவர் இவரே. அங்குப் பெற்ற சுவடி இடைவழியில் பறிக்கப்பட்டபோது, இரவுதோறும் அதனைப் படித்து மனத்தில் பதித்துக்கொண்டிருந்த ஆழ்வானின் நினைவாற்றலே ஸ்ரீபாஷ்யம் எழுதத் துணைநின்றது. இராமாநுசருக்கு அவர் மாணவர் மட்டுமல்லர், உயிர்த்தோழருமாவார்.

இவ்விருவரையும் ஓர் அரசாணை பிரித்தது. சோழ மன்னன் ஒருவன் இராமாநுசரைத் தன் அவைக்கு வருவித்து, சிவனே முழுமுதற் கடவுள் எனக் கையொப்பமிடச் செய்ய முனைந்தான் என்று வைணவ நூல்கள் கூறுகின்றன. அம்மன்னன் முதற் குலோத்துங்கன் என்பார் சிலர். அதனை மறுக்கும் வரலாற்றாசிரியரும் உளர். அரசனின் ஏவலர் மடத்தின் வாயிலை அடைந்தபோது, ஆழ்வான் இராமாநுசரின் காவியுடையைத் தாம் உடுத்து, முக்கோலையும் கையிலேந்தி, தாமே இராமாநுசர் எனக் காட்டிக்கொண்டு அவர்களுடன் சென்றார். முதியவரான பெரிய நம்பியும் துணை சென்றார். இராமாநுசரோ ஆழ்வானின் வெள்ளாடையை உடுத்து, சில மாணவர்களுடன் மேற்றிசை நோக்கிப் புறப்பட்டார். மரபுக் கணக்கின்படி அப்போது அவர் வயது எண்பதை நெருங்கியிருந்தது.

திருவரங்கத்திற்கு மேற்கே கொங்குநாடு. அதற்கு அப்பால் கிழக்குமலைத் தொடரும் மேற்குமலைத் தொடரும் கைகோக்கும் பெருங்காடு. பவானியும் மோயாறும் அங்கே ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. மூங்கிலும் முட்புதரும் அடர்ந்த சரிவுகளில் யானையும் புலியும் திரியும். இன்றும் சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் செல்லும் ஊர்திகள் திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்தே மேட்டுநிலத்தை அடையவேண்டும். சத்தியமங்கலக் காடு 2013ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காலால் நடப்போர்க்கு அன்று விலங்குகள் நடந்த தடமே பாதை, ஓடைக்கரையே தங்குமிடம்.

இராமாநுசர் குழுவினர் மழையிலும் காற்றிலும் நனைந்து, உணவின்றிப் பலநாள் நடந்தனர். நீலகிரிச் சாரலில் ஓரிரவு, தொலைவிலே நெருப்பொளி தெரிந்தது. அணுகியபோது அது வேடர் குடியிருப்பாக இருந்தது. அவ்வேடர்கள் இராமாநுசரின் மாணவர் நல்லான் சக்கரவர்த்தியால் நல்வழிப்படுத்தப்பட்டவர்கள். வந்தவர்கள் திருவரங்கத்தார் என்று கேட்டதும் அவர்கள் கலங்கி, இராமாநுசர் நலமாயிருக்கின்றாரா என்றே முதலில் வினவினர். தம்முன் நிற்பவர் அவரே என அறிந்து, தேனும் தினையும் கொணர்ந்து படைத்தனர். குளிர்காயத் தீ மூட்டினர். விடிந்ததும் காட்டைக் கடக்க வழிகாட்டினர்.

அடுத்துத் தங்கிய மனையில் நிகழ்ந்தது இன்னும் உருக்கமானது. அவ்வீட்டுத் தலைவி கொங்குப் பிராட்டி எனப் பெறுவாள். முன்னொரு பஞ்சகாலத்தில் கணவனுடன் திருவரங்கம் வந்து தங்கியிருந்தபோது இராமாநுசரிடம் உபதேசம் பெற்றவள். வந்தவர்களுக்கு உணவு சமைத்தபின், அவர்களுள் தன் ஆசிரியர் இருக்கின்றாரோ என அறிய விழைந்தாள். எல்லாரும் வெள்ளாடையும் வாடிய முகமுமாய் இருந்தனர். அவள் ஒவ்வொருவர் அடிகளையும் உற்றுநோக்கி வந்து, ஒருவரிடம் தயங்கி நின்றாள். இவை எம்பெருமானார் திருவடிகள் போலத் தோன்றுகின்றன. ஆனால் காவியுடை இல்லையே என மயங்கினாள். கல்லும் முள்ளும் கிழித்த அவ்வடிகளுக்குரியவர் தம்மை வெளிப்படுத்திக்கொண்டார். அம்மனையிலேயே அவர் மீண்டும் காவியும் முக்கோலும் ஏற்றார்.

அங்கிருந்து போசள நாட்டின் தொண்டனூரை அடைந்தார். போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் அவரை ஆதரித்தான். யதுகிரி எனப்படும் மேல்கோட்டை மலையில் புதர்மண்டிக் கிடந்த இடத்தைத் திருத்தித் திருநாராயணன் கோயிலை எடுப்பித்தார். அப்பணியில் தமக்கு உதவிய தாழ்த்தப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் எனப் பெயரிட்டு, ஆண்டுக்குச் சில நாட்கள் அவர்கள் கோயிலினுள் நுழைந்து வழிபட உரிமை வகுத்தார். சில நாட்களே என்பது இன்று குறைவாகத் தோன்றும். அன்றோ அது யாரும் துணியாத செயல்.

இதற்கிடையே சோழன் அவையில் ஆழ்வானும் பெரிய நம்பியும் கண்ணிழந்தனர் என்ற செய்தி அவரை எட்டியது. பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே உயிர்நீத்தார். ஆழ்வான் அழகர்மலையை அடைந்து, சிலம்பாறு பாயும் அச்சோலையில் ஆண்டாளின் துணையோடு தனித்து வாழ்ந்தார். ஒரு காட்டில் ஆசிரியரும், மற்றொரு காட்டில் மாணவருமாக ஆண்டுகள் கழிந்தன.

சோழன் இறந்தான் என அறிந்ததும், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் இராமாநுசர் மீண்டார். பிரிவாற்றாத மேல்கோட்டை அன்பர்களுக்குத் தம் உருவச்சிலை ஒன்றை விட்டுச்சென்றார். தமருகந்த திருமேனி என அது இன்றும் வழங்கும். திருவரங்கத்தில் ஆழ்வானைக் கண்டபோது, தம்மால் அன்றோ இக்கண்கள் போயின என அவர் அழுதார். ஆழ்வான் அதனைக் குறையாகவே கருதவில்லை. பின்னர் இருவரும் காஞ்சிக்குச் சென்றனர். வரதராசரிடம் கண்ணை வேண்டுமாறு இராமாநுசர் பணித்தார். ஆழ்வானோ, அரசனிடம் தம்மைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் தாம் பெறும் நற்பேறே கிடைக்கவேண்டும் என வரம் வேண்டினார்.

ஆழ்வான் தம் ஆசிரியருக்கு முன்பே மறைந்தார். இராமாநுசர் 1137ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் மறைந்தார். அவர் உடல் கோயில் மதிலுக்குள்ளேயே அமர்ந்த நிலையில் அடக்கம் செய்யப்பெற்றது. அவ்விடத்தில் உள்ள உடையவர் சந்நிதியில் அவர் கால் மடக்கி வீற்றிருக்கும் கோலத்தை இன்றும் காணலாம்.